தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எதற்காக?

கேள்வி: சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு கொச்சிக்குப் போயிருந்தோம். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் எங்களுக்கு வழிகாட்டியவர், இங்கே வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று இரு பிரிவினர் இருந்ததாகவும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். யூதர்கள் தங்களைக் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் என்று சொல்லிக்கொள்வதாகப் படித்திருக்கிறேன். இது நம் ஊர் சாதிப் பெருமை மாதிரிதானா? இன்னொன்று: நான் நாள் தவறாமல் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவள். என்னைப் போன்றவர்களை அவர்களுடைய மதம் எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறது?
— ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: 

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் பதில் சொல்ல முடியாது. உங்களுக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கலாம். கொச்சியில் நீங்கள் கேள்விப்பட்ட அந்தப் பிரிவினை சரிதானா என்று, சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குக் கடிதம் போயிருக்கிறது. அங்கே இருந்த ஒரு ரபி, அதாவது யூதச் சட்டம் கற்றுத் தேர்ந்த ஆசான், அதற்குப் பதிலும் எழுதினார். யூதர்களிடம் கேள்வி-பதில் என்பது ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்திருக்கிறது. ஊர் ஊராக வந்த சந்தேகங்களும் ரபிகள் எழுதிய தீர்ப்புகளும் நூற்றுக்கணக்கான தொகுதிகளாகக் கிடைக்கின்றன. கொச்சிக் கடிதமும் அவற்றில் ஒன்று. அதற்கு வருகிறேன். அதற்கு முன் கொள்கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

‘தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள்’ என்றதும் நம்மில் பலர் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம்: அவர்களுக்குத்தான் வீடுபேறு, மற்றவர்களுக்கு நரகம். வேறு சில மதங்களின் பிரசாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் யூதச் சட்ட நூல்கள் வேறு மாதிரி பேசுகின்றன. வெள்ளத்தில் தப்பிய நோவாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் மனித குலம் முழுவதற்கும் மூதாதை. எனவே அவர் மூலமாக எல்லா மனிதருக்கும் ஏழு கட்டளைகள் வந்தன என்று தால்முத் சொல்கிறது. தால்முத் என்பது யூத ஆசான்களின் விவாதங்களைத் திரட்டிய பெருநூல். கொலை கூடாது, திருட்டு கூடாது, முறைகெட்ட உறவு கூடாது, கடவுளைப் பழிக்கக் கூடாது, உருவங்களைத் தொழக் கூடாது, உயிரோடிருக்கும் விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்னக் கூடாது, நீதிமன்றங்கள் அமைக்க வேண்டும். இந்த ஏழின்படி வாழ்கிற எந்த இனத்து மனிதருக்கும் மறுமையில் பங்கு உண்டு. கெய்ரோவில் மருத்துவராக இருந்துகொண்டே யூதச் சட்டம் முழுவதையும் வகைப்படுத்தி எழுதிய மைமோனிடிஸ் (1138–1204) இதைச் சட்டமாகவே பதிந்தார். இந்த ஏழையும் இறைவன் கட்டளை என்று ஏற்றுச் செய்ய வேண்டும் என்பது மட்டும் அவர் வைத்த நிபந்தனை.

இதனால்தான் யூதர்கள் வீடு வீடாகப் போய் யாரையும் மதம் மாற்றுவதில்லை. அதைக் கர்வம் என்று சிலர் நினைப்பதுண்டு. அடுத்த வீட்டுக்காரர் யூதராகாமலேயே கரையேற முடியும் என்றால் அவரைப் போய் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்பதே காரணம். தானாக வந்து சேர விரும்புகிறவரையும் மரபான ரபிகள் முதலில் தயங்கவைத்துத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். “ஏழோடு நிம்மதியாக இருக்கலாமே, 613-ஐ ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களில் அடங்கிய கட்டளைகளின் எண்ணிக்கையாக மரபு சொல்வது அந்த 613.

இனி இரண்டாவது தவறான எண்ணம்: இரத்தத்தில் உயர்ந்தவர்கள் என்பதால் கடவுள் அவர்களைத் தேர்ந்தெடுத்தார் என்பது. தோராவே இதை மறுக்கிறது. நீங்கள் பெரிய கூட்டம் என்பதால் உங்களை நான் விரும்பவில்லை, எல்லா இனங்களிலும் நீங்கள்தான் சிறிய கூட்டம் என்ற பொருள்பட அதில் ஒரு நூலான உபாகமம் பேசுகிறது. தீர்க்கதரிசி ஆமோஸ் இன்னும் கடுமையானவர். உங்களை மட்டுமே நெருங்கி அறிந்தேன், அதனாலேயே உங்கள் குற்றங்களுக்கெல்லாம் கணக்குக் கேட்பேன் என்று இறைவன் சொல்வதாக அவர் முழங்குகிறார். அதே நூலின் கடைசி அதிகாரத்தில், எகிப்திலிருந்து உங்களைக் கொண்டுவந்தது போலவே பெலிஸ்தரையும் சீரியரையும் வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்தேனே, எத்தியோப்பியரும் நீங்களும் எனக்கு ஒன்றுதானே என்றும் இறைவன் கேட்கிறார். தங்கள் வேதத்தில் இப்படி ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, அதை ஆலயத்தில் முறைவைத்து வாசித்தும் வருகிற சமூகத்தைப் பற்றி நாம் கொஞ்சம் நிதானமாகத்தான் பேச வேண்டும்.

பிறப்பே எல்லாம் என்றால் ரூத்தின் கதைக்கு அங்கே இடமிருந்திருக்காது. அவள் மோவாபியப் பெண். யூதர்களின் பகை இனத்தில் பிறந்தவள். மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து அந்த மக்களோடு தன்னை இணைத்துக்கொண்டாள். யூதர்களின் பெருமைக்குரிய அரசன் தாவீது அவளுடைய கொள்ளுப்பேரன். அவள் கதையைச் சொல்லும் நூலை ஷாவுவோத் திருநாளில், அதாவது சீனாய் மலையில் தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் நாளில் வாசிக்கும் வழக்கம் இன்றும் பல சபைகளில் இருக்கிறது.

அப்படியானால் தேர்வு எதற்கு? சீனாய் மலையடியில் நடந்ததாகச் சொல்லப்படும் உடன்படிக்கையில் இருக்கிறது விடை. நீங்கள் எனக்குப் பூசாரிகளின் அரசாக இருப்பீர்கள் என்ற கருத்தைத் தோராவின் இன்னொரு நூலான யாத்திராகமம் சொல்கிறது. பூசாரிக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். எதைத் தின்பது, எந்த நாளில் வேலை செய்யாமலிருப்பது, எந்த இழையை எந்த இழையோடு கலந்து நெய்யக் கூடாது என்பது வரை விதிகள் உண்டு. ஒவ்வொரு விதியும் ஒரு மிட்ஸ்வா, அதாவது இறைவனின் கட்டளை. சபரிமலைக்கு மாலை போட்டவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செருப்புப் போடுவதில்லை, புலால் தொடுவதில்லை, தரையில் படுக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மீன் குழம்பு சாப்பிடுவதை அவர் பாவம் என்று நினைப்பதில்லை. விரதம் ஏற்றவருக்குத்தான் அந்தக் கட்டு. யூதருடைய கட்டும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதல்ல: நம் சாமிகள் தாமாகவே மாலை போடுகிறார்கள், மகரஜோதி முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். யூதர் அதைப் பிறக்கும்போதே கழுத்தில் வாங்கிக்கொள்கிறார், கழற்றுவதற்கு நாள் கிடையாது. பிறப்பு அங்கே நுழைகிறது. சிக்கலும் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

இந்தத் தேர்வைப் பற்றி யூத ஆசான்கள் சொல்லும் இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒன்றில், இறைவன் தோராவை ஒவ்வோர் இனத்திடமும் கொண்டுபோகிறார். ஒருவர் அதில் கொலை கூடாது என்று இருப்பதைக் கேட்டு வேண்டாம் என்கிறார், இன்னொருவர் திருட்டு கூடாது என்பதைக் கேட்டு வேண்டாம் என்கிறார். கடைசியில் இஸ்ரவேலர், அதாவது யூதரின் முன்னோர், கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். மற்றதில், இறைவன் சீனாய் மலையையே பெயர்த்து அவர்கள் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடிக்கிறார்: ஏற்றால் நல்லது, இல்லாவிட்டால் இங்கேயே உங்கள் சமாதி. முதல் கதையில் பெருமை இருக்கிறது. இரண்டாவது அந்தப் பெருமையின் காலை வாரிவிடுகிறது. இரண்டையும் அவர்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ரவேலரைத் துரத்திவந்த எகிப்தியர் செங்கடலில் மூழ்கியபோது வானவர் பாடத் தொடங்கினார்கள் என்றும், என் படைப்புகள் கடலில் மூழ்கும்போது உங்களுக்குப் பாட்டா என்று இறைவன் அவர்களைக் கடிந்துகொண்டார் என்றும் தால்முத் இன்னொரு கதை சொல்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு யூத மரபில் இனப்பெருமையே இல்லை என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. 12ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த பெருங்கவிஞர் யெஹூதா ஹாலேவி ‘கூசாரி’ என்ற நூலை எழுதினார். இறைவனோடு தொடர்புகொள்ளும் ஒரு தனித் திறன் ஆதாமிலிருந்து வழிவழியாக இறங்கி யூத இனத்தில் தங்கியது, மதம் மாறி வருகிறவருக்கு அது முழுமையாகக் கிட்டாது என்பது அவர் கட்சி. பின்னாளில் யூத மறைஞான மரபிலும் இந்தக் கருத்து வேர்விட்டது. இதற்கு நேர் எதிரே நின்றவர் மைமோனிடிஸ். ஒபதியா என்பவர் மதம் மாறி யூதரானவர். “எங்கள் முன்னோரின் கடவுளே” என்று தொடங்கும் பிரார்த்தனையை நான் சொல்லலாமா, என் முன்னோர் யூதர்கள் இல்லையே என்று கேட்டு எழுதினார். தாராளமாகச் சொல்லுங்கள், ஆபிரகாமின் வழியை ஏற்ற எவரும் ஆபிரகாமின் பிள்ளையே, உங்களுக்கும் எங்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்ற பொருளில் மைமோனிடிஸ் பதில் எழுதினார். யூத எழுத்துகளில் நான் மிகவும் மதிக்கும் கடிதங்களில் அது ஒன்று.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்க ரபி மொர்டெகாய் கப்ளான் (1881–1983), தேர்வு என்ற கருத்தையே கைவிட வேண்டும் என்று சொல்லி, 1945-ல் தாம் வெளியிட்ட பிரார்த்தனை நூலிலிருந்து அதை நீக்கிவிட்டார். வைதிக ரபிகள் அவரைச் சமயத்திலிருந்து விலக்கினார்கள். இஸ்ரேலில் வாழ்ந்த யெஷாயாஹு லெய்போவிட்ஸ் (1903–1994) கட்டளைகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்த வைதிகர், அறிவியல் பேராசிரியரும்கூட. தேர்வு என்பது யூதருக்கு இருக்கும் குணம் ஆகாது, அவர்மேல் வைக்கப்பட்ட கோரிக்கை என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். 1967 போரில் இஸ்ரேல் பிடித்த பகுதிகளை ஆளுவது யூதரின் ஒழுக்கத்தையே கெடுத்துவிடும் என்று அதே மூச்சில் எச்சரித்தார். இன்று மண்ணுக்கும் ஆட்சிக்கும் இந்தக் கொள்கையைச் சான்றாகக் காட்டுகிற யூதர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறுக்க ஆமோஸையே மேற்கோள் காட்டுகிற யூதர்களும் இருக்கிறார்கள்.

இப்போது கொச்சிக்கு வருவோம். உங்கள் முதல் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மட்டாஞ்சேரி பரதேசி ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. அங்கே பாதுகாக்கப்படும் செப்பேடுகள் அதைவிடப் பல நூற்றாண்டு பழையவை. ஏறக்குறைய கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், கொடுங்கல்லூரில் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுமத்தின் உரிமையையும் 72 சிறப்புரிமைகளையும் கொடுத்ததைச் சொல்பவை. வட்டெழுத்தில் பொறித்தவை, அந்த நடையைக் கேட்டால் தமிழ்க் காது அதிகம் தடுமாறாது. வரிவிலக்கு, பல்லக்கு, குடை, பகலில் விளக்கேந்திப் போவது, நடக்க விரிப்பு விரிப்பது என்று அந்த உரிமைகள் நீளும். இவை எந்த ஊர் மரியாதைகள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் குடை பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்று பிறப்பை வைத்து வகுத்த மலையாளச் சமூகத்தில், யூதர்களுக்கு மேல்வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் நிலைக்க அவர்கள் அந்தச் சமூகத்தின் கணக்கையே கற்றுக்கொண்டார்கள்.

1492-ல் ஸ்பெயின் அரசு யூதர்களை நாட்டைவிட்டே துரத்தியது. அங்கிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் சில குடும்பங்கள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. அவர்கள்தான் பரதேசிகள், நீங்கள் கேள்விப்பட்ட ‘வெள்ளை யூதர்’. அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே வாழ்ந்து, பல ஆலயங்கள் கட்டியிருந்தவர்கள் மலபார் யூதர்கள். அவர்களுக்குக் ‘கறுப்பு யூதர்’ என்று பெயர் வைத்தார்கள். பிந்தி வந்தவர்கள் முந்தி வந்தவர்களைப் பார்த்து, உங்கள் வம்சம் சுத்தமில்லை, நீங்கள் அடிமைகளின் வழி வந்தவர்கள் என்றார்கள். பெண் கொடுக்கல் வாங்கல் நின்றது.

1520 வாக்கில் கெய்ரோவுக்குப் போன கடிதம் இதைத்தான் கேட்டது. கொச்சியில் சுமார் 900 யூதக் குடும்பங்கள் இருக்கின்றன, அவற்றில் 100 குடும்பத்தார் தாங்களே குலவழி வந்தவர்கள் என்று சொல்லி மற்றவர்களோடு மணவுறவு கொள்வதில்லை, அவர்களை அடிமைகள் என்கிறார்கள், இது சரியா? கடிதத்தைப் பெற்றவர் ரபி தாவீது இப்னு சிம்ரா. அவரே சிறுவயதில் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர். பரதேசிகள் பட்டதையெல்லாம் பட்டவர். ஆனால் தீர்ப்பில் அவர்கள் பக்கம் சாயவில்லை. சந்தேகம் இருந்தால் அடிமைகள் எனப்பட்டவர்கள் ஒரு தெவிலா, அதாவது சட்டப்படியான நீராடல் செய்துகொள்ளட்டும். அதன்பிறகு அவர்கள் முழு யூதர்கள், மணவுறவுக்குத் தடையில்லை, அவர்களை அடிமை என்று அழைப்பது தவறு என்று எழுதிவிட்டார். அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ரபி யாக்கோபு காஸ்ட்ரோவிடமும் கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார்.

கொச்சியில் அந்தத் தீர்ப்பைக் கேட்பார் இல்லை. சட்டப்படி வாழ்வதே தங்கள் தேர்வின் பொருள் என்று நம்பிய ஒரு சமூகம், இந்த ஒரு விஷயத்தில் சட்டத்தை ஒதுக்கிவிட்டு ஊர் வழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: கொள்கை சாதி ஆகாது, ஆனால் கொச்சியில் வாழ்க்கை சாதியாகத்தான் இருந்தது. அதற்கு வேதத்தில் இடம் தேடியவர்களுக்கு அவர்களுடைய ரபிகளே இடம் கொடுக்கவில்லை.

பரதேசி ஆலயத்துக்குள்ளேயே இன்னும் ஓர் அடுக்கு இருந்தது. அவர்கள் மெஷுஹ்ராரிம் எனப்பட்டார்கள். விடுதலை செய்யப்பட்ட அடிமைகளும் அவர்கள் வழிவந்தவர்களும். வழிபாட்டின்போது அவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது. தரையில், அல்லது வெளியே முன்கூடத்தில்தான் உட்கார வேண்டும். தோராவை வாசிக்க அழைக்கப்படும் மரியாதையிலும் அவர்களுக்குத் தடைகள் இருந்தன. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882-ல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். நம் சேலம் ஊருக்கும் இவருக்கும் தொடர்பில்லை. சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் படித்துக் கொச்சியில் வழக்கறிஞர் ஆனவர். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். படகோட்டிகளுக்காகத் தொழிற்சங்கம் அமைத்தார். 1929-ல் லாகூர் காங்கிரசுக்குப் போனார். காந்தி வழியில் வந்தவர் தம் சத்தியாகிரகத்தை எங்கே நடத்தினார் தெரியுமா? தாம் வழிபடும் ஆலயத்திலேயே. தங்களுக்கு விலக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்து காட்டினார். தம் பிள்ளைகளையும் உட்காரவைத்தார். ஊரார் அவரை யூத காந்தி என்றார்கள். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கடைசியாக நின்றது திருமணத் தடை. 1950-ல் அவருடைய மகன் பால்ஃபர் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கல்யாணத்தைக் கொச்சியில் நடத்த முடியவில்லை; பம்பாய்க்குப் போய் முடித்தார்கள். இப்னு சிம்ரா எழுதிய தீர்ப்பு கொச்சியில் ஒரு வீட்டுக்குள் நுழைய 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்நேரத்தில் மலபார் யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பரதேசிகளும் பிறகு அருகிப் போனார்கள்.

அக்கம்பக்கத்தாரோடு அவர்களுக்கு இருந்த உறவுக்குக் குறைவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொச்சி அரசர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களுக்கு நிலம் கொடுத்தார். 1662-ல் அந்த ஆலயத்தைக் கொளுத்தியவர்கள் போர்த்துகீசியர். உள்ளூர்க்காரர்கள் அல்லர். 1968-ல் ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார். அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது நியமிக்கப்பட்ட 12 ஆல்டர்மேன்களில், அதாவது மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில், மூவர் யூத வணிகர்கள். கோல்கொண்டா வைரத்தை வாங்கி, மத்தியதரைக் கடல் பவளத்தை விற்றவர்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் பெயரைத்தான் சுமக்கிறது. லண்டன் மாநகரில் ஒரு யூதர் ஆல்டர்மேன் பதவி ஏற்க 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். உங்கள் ஊரை ஒட்டியுள்ள அடையாறு பிரம்மஞான சபையில் 1925-ல் யூத உறுப்பினர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். சபையில் இருந்த எஸ்.எஸ். கோஹன், பாஸ்ராவில் பிறந்த யூதர், 1936-ல் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடமே தங்கிவிட்டார்.

கோஹன் ரமணரைத் தேடிப் போனது ஒருவருடைய தனி வழி. ஹலாகா, அதாவது யூத நடைமுறைச் சட்டம், உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. இதில் மழுப்ப விரும்பவில்லை. நோவாவின் ஏழு கட்டளைகளில் உருவ வழிபாட்டுத் தடையும் ஒன்று என்று மேலே சொன்னேன். தால்முத்தில் அதற்கென்றே ‘அவோதா ஸாரா’ என்று ஒரு முழுப் பகுதி இருக்கிறது. அந்நிய வழிபாடு பற்றிய சட்டங்கள் அதில் அடங்கும். கோயிலுக்குப் படைத்த பொருளிலிருந்து யூதர் எந்தப் பயனும் பெறக் கூடாது என்பது அதில் ஒரு விதி.

இந்த விதி 2004-ல் நம் வாசலுக்கே வந்தது. வைதிக யூதப் பெண்கள் திருமணத்துக்குப் பின் தலைமுடியை மறைப்பார்கள். பலர் ஷெய்டல் எனப்படும் பொய்முடி அணிகிறார்கள். உயர்ந்த ரகங்களில் பல இந்திய முடியால் ஆனவை. அந்த முடியில் பெரும்பங்கு திருப்பதி போன்ற கோயில்களில் பக்தர்கள் மொட்டை போட்டபோது இறக்கியது. முடி இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கையா, பக்தர் தம் அழகைத் துறக்கும் நேர்த்திக்கடன் மட்டுமா என்று கேள்வி எழுந்தது. காணிக்கை என்றால் தொடக் கூடாது. நேர்த்திக்கடன் என்றால் பரவாயில்லை. லண்டனிலிருந்து ஒரு ரபி திருப்பதிக்கே வந்து பார்த்துப் போனார். இஸ்ரேலின் மூத்த ரபி எலியாஷிவ், அந்த முடி கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் பெண்கள் விலை உயர்ந்த முடிகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். நம் நம்பிக்கையை இழிவாகப் பார்த்தார்கள் என்று சிலருக்கு அப்போது மனம் வருந்தியது. அது நியாயமான வருத்தமே. ஆனாலும் முகம் தெரியாத ஒரு பக்தை திருமலையில் என்ன நினைத்து மொட்டை போட்டுக்கொள்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு சிரமப்பட்ட வேறு அந்நியர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டத்துக்குள்ளேயே வேறு பாதைகளும் உண்டு. தென் பிரான்சின் ரபி மெனாஹெம் மெயிரி (1249–1315 வாக்கில்), ஒழுக்க நெறிகளுக்குக் கட்டுப்பட்ட மதங்களைப் பின்பற்றுவோரைத் தால்முத் கண்டித்த பழங்கால உருவ வழிபாட்டினரோடு சேர்க்கக் கூடாது என்று வாதிட்டார். வேறு சில மத்தியகால ரபிகள் ‘ஷிட்டுஃப்’ என்ற கருத்தைக் கையாண்டார்கள்: ஒரே கடவுளை ஏற்றுக்கொண்டு, அவரோடு வேறு ஒன்றையும் இணைத்து வழிபடுவது. யூதருக்கு அது கூடாது, மற்றவர்களுக்குத் தடையில்லை என்றார்கள். கிறிஸ்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை. இந்துக்களுக்குப் பொருந்துமா என்பது யாரும் முறையாகக் கேட்காத கேள்வியாகவே இருந்தது.

அதைக் கேட்கவைத்தவர்களில் முக்கியமானவர் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர். மஞ்சக்குடியில் 1930-ல் பிறந்து, கோவை ஆனைகட்டியில் ஆர்ஷ வித்யா குருகுலம் நிறுவிய சுவாமி தயானந்த சரஸ்வதி, இஸ்ரேலின் தலைமை ரபி யோனா மெட்ஸ்கரோடும் மற்ற ரபிகளோடும் 2007-ல் டில்லியிலும் 2008-ல் எருசலேமிலும் உட்கார்ந்து பேசினார். எருசலேமில் வெளியான கூட்டறிக்கை, இந்துக்கள் ஒரே பரம்பொருளை ஏற்கிறார்கள் என்றும், குறிப்பிட்ட ஓர் உருவத்தின்முன் நின்று வேண்டும்போதும் அவர்கள் தொழுவது அந்த ஒன்றையே என்றும் பதிவு செய்தது. சிவலிங்கத்தை அருவுருவம் என்று வகுத்த சைவ சித்தாந்திக்கு இது புதிய செய்தியாக இராது. மருந்தீஸ்வரர் சன்னதியில் நிற்கும் நீங்களும் வேறெதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ரபிகளின் கையெழுத்தோடு இது வந்ததுதான் புதிது.

எல்லா ரபிகளும் அதை ஏற்கவில்லை. ஒரு மாநாட்டு அறிக்கையால் சட்டம் மாறாது என்பவர்கள் எலியாஷிவின் தீர்ப்பிலேயே நிற்கிறார்கள். அறிக்கையை ஏற்றவர்களோ மெயிரியின் வாதத்தை இந்து மதத்துக்கும் நீட்டி எழுதி வருகிறார்கள். புரூக்ளின் கடைகளில் ஷெய்டல் வாங்கப் போகும் பல பெண்கள், முடி இந்தியக் கோயிலிலிருந்து வந்ததல்ல என்ற ரபியின் சான்றிதழை இப்போதும் கேட்டு வாங்குகிறார்கள்.